பெட்டியில் 50 வாட், கதவில் 20 வாட்: காரின் ஒலி அமைப்பை மேம்படுத்துவோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: தில்லியின் கரோல் பாக், பெங்களூருவின் ஜே.சி. சாலை போன்ற வாகன உதிரிபாகச் சந்தைகளில் கார் ஆம்பிளிஃபையர்களும் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் ஒரே ஓர் அளவைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அந்த அளவு வாட். பெட்டியின் மீது 1,000 வாட், 3,000 வாட் எனப் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கும் காருக்குள் உண்மையில் கேட்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு.

எண்ணை மட்டும் நம்பி வாங்குவோருக்குப் பண இழப்பு மட்டுமே நேர்வதில்லை. தவறான கம்பியும் இல்லாத ஃபியூஸும் காரையே தீக்கிரையாக்கக்கூடும். முறையற்ற இணைப்பு உத்தரவாதத்தை இழக்கச் செய்யக்கூடும். அளவு மீறிய ஒலி, செவித்திறனை நிரந்தரமாகக் குறைத்துவிடக்கூடும். எளிய பள்ளிக்கூடக் கணக்கைக் கொண்டே இவற்றைத் தவிர்க்க முடியும்.

50 வாட் எங்கிருந்து வந்தது?

காரின் முன்பலகையில் உள்ள ஸ்டீரியோ பெட்டியில் '50 வாட் × 4' என்ற குறிப்பைப் பலரும் பார்த்திருப்பர். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். பெரும்பாலான கார் ஸ்பீக்கர்களின் மின்மறுப்பு 4 ஓம். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் திறன் கிடைக்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் வருவது 51.8 வாட். பெட்டியில் உள்ள 50 வாட் இதுதான்.

ஆனால் இசை என்பது ஏறி இறங்கும் அலை. அலையின் உச்சி மட்டுமே 14.4 வோல்ட்டைத் தொட முடியும். சீரான அலை ஒன்றின் தொடர் திறனைக் கணக்கிட்டால், அது மேற்கண்ட எண்ணில் சரிபாதி, அதாவது சுமார் 26 வாட். மின்சுற்றில் ஏற்படும் இழப்புகளையும் கழித்தால், சிதைவின்றி ஸ்பீக்கருக்குச் சென்று சேர்வது 18 முதல் 22 வாட் வரைதான். இதையே 'ஆர்எம்எஸ்' திறன் என்று தொழில்நுட்பர்கள் குறிப்பிடுகின்றனர்.

அப்படியானால் 50 வாட் என்பது முற்றிலும் பொய்யா எனில், அதுவும் இல்லை. ஒலி அளவைக் கடைசி வரை திருகி, அலையின் உச்சி முழுவதும் வெட்டுப்பட்டுச் சதுர வடிவமாக மாறிவிட்ட நிலையில் அந்தத் திறன் வெளிப்படும். காதுக்குக் கரகரப்பாகக் கேட்பதும், உயர் சுருதிக்கான சிறிய ட்வீட்டர்களை எரித்துவிடுவதும் அந்த நிலைதான். வேறு வகையில் சொன்னால், பெட்டியில் பெருமையுடன் அச்சிடப்பட்டுள்ள எண், அச்சாதனம் மிக மோசமாக ஒலிக்கும் தருணத்தின் அளவு.

எந்த எண்ணை நம்புவது?

இந்தக் குழப்பத்தைக் களைய அமெரிக்க நுகர்வோர் மின்னணுத் தொழில் கூட்டமைப்பு 2003-ஆம் ஆண்டில் ஓர் அளவீட்டு நெறியை வெளியிட்டது. அப்போது சிஇஏ-2006 எனப்பட்ட அது, இப்போது சிடிஏ-2006 என்ற பெயரில் வழங்குகிறது. இதன்படி ஆம்பிளிஃபையரின் திறன் 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்கு மிகாத நிலையில் அளக்கப்பட வேண்டும். பெட்டியில் அல்லது கையேட்டில் இக்குறியீடு இருந்தால் அந்த எண்ணை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம்.

அக்குறியீடு இல்லாத ஆம்பிளிஃபையரைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. அதன் பக்கவாட்டில் செருகப்பட்டிருக்கும் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். '3,000 வாட்' என்று எழுதப்பட்ட ஆம்பிளிஃபையரில் 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். 25-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 360 வாட். தொடர்ந்து உள்ளே செல்லக்கூடிய மின்திறனே ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். உள்ளே செல்லாத திறன் வெளியே வர இயலாது. எனவே அதன் உண்மையான தொடர் திறன் 200 முதல் 300 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

வெப்பமாக வீணாகும் பங்கு ஆம்பிளிஃபையரின் வகையைப் பொறுத்தது. 'கிளாஸ் ஏபி' வகையில் முழுத் திறனில் சுமார் 60 சதவீதம் ஒலிக்குப் பயன்படும். 'கிளாஸ் டி' வகையில் 80 சதவீதத்துக்கும் மேல் பயன்படும். முன்பு கிளாஸ் டி வகை சப்வூஃபர்களுக்கு மட்டுமே ஏற்றது எனக் கருதப்பட்டது. இன்று முழு அலைவரிசைக்கும் நல்ல தரத்தில் அவை கிடைக்கின்றன. சிறிய உருவம், குறைந்த வெப்பம், குறைந்த மின்நுகர்வு ஆகிய காரணங்களால் இந்தியாவின் சிறிய கார்களுக்கும் கோடை வெயிலுக்கும் இவ்வகையே பொருத்தமானது.

ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியது உணர்திறன்

ஸ்பீக்கர் பெட்டியில் உள்ள வாட் எண், அது எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்பதைக் கூறுவதில்லை. எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதை மட்டுமே கூறுகிறது. சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது 'உணர்திறன்' என்ற வேறோர் எண். 1 வாட் செலுத்தி, 1 மீட்டர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபல் கிடைக்கிறது என்பதே உணர்திறன்.

88 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் சுமார் 101 டெசிபல் கிடைக்கும். திறனை 40 வாட்டாக இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதே 20 வாட்டை 91 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலும் அதே 104 டெசிபல் கிடைத்துவிடும். அதாவது, கூடுதலாக 3 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை வாங்குவது, ஆம்பிளிஃபையரின் திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். சத்தம் இரு மடங்கானது போல் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குத் தேவைப்படுவது பத்து மடங்கு திறன்.

ஆகவே, காரில் வந்த ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்ற விரும்புவோர், அதிக வாட் தாங்கும் ஸ்பீக்கரைத் தேடுவதைவிட 90 டெசிபலுக்கு மேல் உணர்திறன் உள்ளதைத் தேடுவதே பயன் தரும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் 1 வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டில் உணர்திறனை அளந்து குறிப்பிடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அது 2 வாட். எனவே 4 ஓம் கார் ஸ்பீக்கரின் எண் 3 டெசிபல் கூடுதலாகத் தோன்றும். இரு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்பதைக் கவனிப்பது அவசியம்.

கதவே ஸ்பீக்கரின் பெட்டி

இந்தியாவில் விற்பனையாகும் பல கார்களின் முன்கதவுகளில் 6.5 அங்குல ஸ்பீக்கர் பொருந்தும். சிலவற்றில் இதனினும் சிறியது இருக்கலாம். அளவு பொருந்தினால் மட்டும் போதாது. ஆழமும் பொருந்த வேண்டும். காந்தம் பெரியதாக இருந்தால், இறங்கி வரும் ஜன்னல் கண்ணாடி அதன் மீது மோதும். எனவே பொருத்துவதற்கு முன் கண்ணாடியை முழுமையாக இறக்கி ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர்கள் இரு வகை. ட்வீட்டர் நடுவிலேயே பொருத்தப்பட்டு ஒரே துண்டாக வருவது 'கோஆக்சியல்'. ட்வீட்டர், மிட்-பாஸ் ஸ்பீக்கர், அலைவரிசையைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் ஆகியன தனித்தனியாக வருவது 'காம்பொனென்ட்'. கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள ஸ்பீக்கரின் உயர் சுருதி, அமர்ந்திருப்போரின் கால்களில் பட்டுத் தடைப்படுகிறது. ட்வீட்டரைக் கண்ணாடி மூலைக்கு உயர்த்தினால் பாடகரின் குரல் முன்பலகையின் மேலிருந்து வருவது போல் கேட்கும். எனவே முன்பக்கத்துக்கு காம்பொனென்ட், பின்பக்கத்துக்கு கோஆக்சியல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. பணம் குறைவாக இருந்தால் பின்பக்க ஸ்பீக்கர்களைத் தொடாமல் விட்டுவிடலாம்.

கதவின் உலோகத் தகடு மெல்லியது, ஓட்டைகள் நிறைந்தது. ஸ்பீக்கர் முன்னோக்கித் தள்ளும் காற்றும் பின்னோக்கித் தள்ளும் காற்றும் ஓட்டைகள் வழியே கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அடிநாதம் மெலிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அலுமினியத் தகடு ஒட்டிய பியூட்டைல் ரப்பர் விரிப்பைக் கதவின் உட்புறம் ஒட்டி, ஓட்டைகளை மூடினால், சாதாரண ஸ்பீக்கரும் தெளிவாக ஒலிக்கும். ஆம்பிளிஃபையருக்குச் செலவிடும் முன் இதற்குச் செலவிடுவதே சிக்கனம்.

மழைக்காலத்தையும் மறக்கலாகாது. ஜன்னல் ஓரமாக வழியும் நீர் கதவுக்குள் இறங்கி அடிப்புறத் துளைகள் வழியே வெளியேறும்படிதான் கார்கள் வடிவமைக்கப்படுகின்றன. அத்துளைகளை விரிப்பால் அடைத்துவிடக் கூடாது. உட்பலகைக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியாமல் மீண்டும் ஒட்ட வேண்டும். காகிதக் கூம்பைவிட பாலிப்ராப்பிலீன் கூம்பு ஈரத்தைத் தாங்கும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையமும் ஈரத்தில் ஊதும் மரத்துகள் பலகையாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.

ஆம்பிளிஃபையரும் ஸ்பீக்கரும் பொருந்த வேண்டும்

இரண்டின் ஆர்எம்எஸ் எண்களும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. 75 வாட் ஆர்எம்எஸ் தாங்கும் ஸ்பீக்கருக்கு, ஒரு சேனலுக்கு 60 முதல் 100 வாட் ஆர்எம்எஸ் தரும் ஆம்பிளிஃபையர் ஏற்றது. ஆம்பிளிஃபையர் சிறிதாக இருந்தால் ஸ்பீக்கர் பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணம் தவறு. சிறிய ஆம்பிளிஃபையரை அதன் எல்லைக்கு அப்பால் திருகும்போதுதான் முன்னர் கூறிய வெட்டுப்பட்ட அலை உருவாகிறது.

ஓம் அளவையும் கவனிக்க வேண்டும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் சுமை 2 ஓம் ஆகும். தொடர் இணைப்பில் 8 ஓம் ஆகும். ஓம் குறையக் குறைய ஆம்பிளிஃபையர் அதிக மின்னோட்டத்தை வழங்க வேண்டியிருக்கும். இரு சேனல்களை 'பிரிட்ஜ்' முறையில் இணைத்து ஒரு 4 ஓம் சப்வூஃபரை இயக்கினால், ஒவ்வொரு சேனலும் 2 ஓம் சுமையையே உணர்கிறது. அதைத் தாங்கும் எனக் கையேட்டில் குறிப்பிடப்படாத ஆம்பிளிஃபையரில் இவ்வாறு செய்தால் அது சூடேறி நின்றுவிடும், அல்லது எரிந்துவிடும்.

போஸ், ஹர்மன் கார்டன், ஜேபிஎல் போன்ற பெயர்களுடன் தொழிற்சாலையிலேயே உயர்தர ஒலி அமைப்பு பொருத்தப்பட்ட கார்களில் தனி ஆம்பிளிஃபையர் ஏற்கெனவே இருக்கலாம். அவற்றில் சில ஸ்பீக்கர்கள் 4 ஓமுக்குக் குறைவான மின்மறுப்புடன் அந்த ஆம்பிளிஃபையருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அத்தகைய கார்களில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் ஒலி மேம்படுவதற்குப் பதிலாகக் கெடவும் கூடும்.

சப்வூஃபர்: இடம்தான் விலை

கதவு ஸ்பீக்கர்கள் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். தவிலின் அடியும் மேற்கத்திய டிரம்மின் அதிர்வும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அப்பணியை சப்வூஃபரிடம் ஒப்படைத்தால் கதவு ஸ்பீக்கர்களின் சுமை குறைந்து, குரலும் தெளிவடையும். மூடிய பெட்டியில் பொருத்திய சப்வூஃபர் கட்டுக்கோப்பாக ஒலிக்கும். குறைந்த இடம் எடுக்கும். துளையுள்ள பெட்டி அதே திறனில் கூடுதல் சத்தம் தரும். ஆனால் பெரிய இடம் வேண்டும்.

பின்பக்கப் பெட்டியில் சிஎன்ஜி உருளை உள்ள கார்களில் இந்த இடமே கிடையாது. அத்தகைய கார்களுக்கும், பயணப் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் குடும்பங்களுக்கும், ஆம்பிளிஃபையருடன் ஒன்றிணைந்து இருக்கைக்கு அடியில் அடங்கும் மெல்லிய சப்வூஃபர் போதுமானது. எரிவாயு உருளைக்கோ அதன் குழாய்களுக்கோ அருகில் துளையிடுவதும் மின்கம்பி கொண்டுசெல்வதும் அறவே கூடாது.

கம்பியும் ஃபியூஸும்: தீக்கும் காருக்கும் இடையே

ஒலி அமைப்பில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், ஆனால் உயிருக்கே தொடர்புடையதும் பேட்டரியிலிருந்து ஆம்பிளிஃபையருக்குச் செல்லும் கம்பிதான். ஒரு சேனலுக்கு 75 வாட் வீதம் நான்கு சேனல் கொண்ட கிளாஸ் டி ஆம்பிளிஃபையரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 300 வாட். 80 சதவீதச் செயல்திறன் எனில் உள்ளே செல்ல வேண்டியது 375 வாட். 13.8 வோல்ட்டில் அது சுமார் 27 ஆம்பியர்.

இந்த மின்னோட்டத்துக்கு 8.4 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள 8 கேஜ் செம்புக் கம்பி ஏற்றது. 5 மீட்டர் நீளத்தில் அது இழப்பது சுமார் 0.28 வோல்ட் மட்டுமே. ஆனால் மலிவான கம்பித் தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பது, செம்புப் பூச்சுள்ள அலுமினியம். அதே தடிமனில் அதன் இழப்பு சுமார் 0.45 வோல்ட். வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். சிலவற்றில் மேலுறை மட்டுமே தடிமனாக இருக்கும். உள்ளே கம்பி மெல்லியதாக இருக்கும். முனையை வெட்டி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் அது அலுமினியம். வேறு வழியின்றி அதையே பயன்படுத்த நேர்ந்தால், ஒரு படி தடிமனான கம்பியைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஆம்பிளிஃபையரில் ஃபியூஸ் இருப்பதால் வேறு ஃபியூஸ் தேவையில்லை எனச் சிலர் கருதுகின்றனர். அது ஆம்பிளிஃபையருக்கான காப்பு. கம்பிக்கான காப்பு, பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தொலைவுக்குள் தனியாக இருக்க வேண்டும். எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வரும் இடத்தில், உலோகத் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை மெல்ல மெல்ல அறுத்துவிடக்கூடும். உறை கிழிந்து கம்பி உலோகத்தைத் தொட்ட கணத்தில், பேட்டரியால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்த முடியும். பேட்டரி அருகே ஃபியூஸ் இல்லையெனில், முழு நீளக் கம்பியும் பழுக்கக் காய்ந்து விரிப்புகளைப் பற்ற வைக்கும். ஆம்பிளிஃபையரில் உள்ள ஃபியூஸால் அதைத் தடுக்க முடியாது. ஏனெனில் அந்த மின்னோட்டம் ஆம்பிளிஃபையரைச் சென்றடைவதே இல்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ் போதுமானது. தகட்டின் துளையில் ரப்பர் வளையம் பொருத்துவதும் கட்டாயம்.

தரை இணைப்பு குறுகியதாகவும், வண்ணப்பூச்சு சுரண்டப்பட்ட வெற்று உலோகத்தில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். எஞ்சினின் வேகத்துக்கேற்பக் கீச்சொலி எழுந்தால், பெரும்பாலும் தரை இணைப்பில்தான் குறை இருக்கும். ஒலிச் சமிக்ஞைக் கம்பியை மின்கம்பிக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்வதும் இதைத் தடுக்கும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது இசை கேட்போர் இன்னொரு கணக்கையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறிய பெட்ரோல் கார்களில் பொதுவாக இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. சத்தமாகக் கேட்கும்போது சராசரியாக 9 ஆம்பியர் செலவானால், இரண்டு மணி நேரத்தில் பேட்டரியின் பாதி தீர்ந்துவிடும். அதன் பிறகு எஞ்சின் கிளம்பாமல் போகலாம். மின்சாரக் கார்களிலும் ஒலி அமைப்பு 12 வோல்ட் துணை பேட்டரியில்தான் இயங்குகிறது. ஆரஞ்சு நிற உயரழுத்தக் கம்பிகளை எவரும் தொடலாகாது.

உத்தரவாதமும் காப்பீடும்

இன்றைய கார்களில் தொடுதிரை, பின்புறக் கேமரா, ஸ்டீரிங்கில் உள்ள பொத்தான்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. ஸ்டீரியோவைக் கழற்றி எறிவது எளிதல்ல, தேவையும் இல்லை. ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே நேரடியாகச் சமிக்ஞையைப் பெறும் வசதியுள்ள ஆம்பிளிஃபையர்கள் கிடைக்கின்றன. தொழிற்சாலைக் கம்பியை வெட்டி முறுக்கி, டேப் சுற்றுவதற்குப் பதிலாக, அந்தந்தக் கார் மாடலுக்கென விற்கப்படும் கப்ளர்களைக் கொண்டு இணைக்க வேண்டும். வெட்டப்பட்ட கம்பியால் மின்கோளாறு ஏற்பட்டால், உத்தரவாதக் கோரிக்கை மறுக்கப்படுவதற்கு அதுவே போதிய காரணமாகிவிடும்.

மஞ்சள் நிற இணைப்பான்கள் காற்றுப்பை அமைப்புக்கு உரியவை. அவற்றைத் தொடவோ சோதிக்கவோ கூடாது. முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களில் ட்வீட்டர் பொருத்த விரும்புவோர், அத்தூண்களுக்குள் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை உள்ளதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். காற்றுப்பை விரியும் பாதையில் திருகிய எந்தப் பொருளும் விபத்தின்போது எறிகணையாக மாறும்.

உற்பத்தியாளர் பொருத்தித் தராத மின்னணுச் சாதனங்கள் வழக்கமான வாகனக் காப்பீட்டில் தாமாகவே அடங்குவதில்லை. அவற்றின் மதிப்பைத் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தி, ஐஎம்டி-24 எனப்படும் கூடுதல் ஒப்புதலைப் பாலிசியில் சேர்த்தால் மட்டுமே இழப்பீடு கோர இயலும். எனவே ரசீதுகளைப் பாதுகாத்து வைப்பது அவசியம்.

கெயின் என்பது சத்தத் திருகு அல்ல

நல்ல சாதனங்களை வாங்கிப் பொருத்திய பின்னும் ஒலி கெடுவதற்குக் காரணம், பெரும்பாலும் 'கெயின்' திருகைத் தவறாக அமைப்பதுதான். ஸ்டீரியோவிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்பிளிஃபையரைப் பொருத்துவதே அதன் பணி. அதிகமாகத் திருகினால் கூடுதல் திறன் கிடைப்பதில்லை. அலை விரைவில் வெட்டுப்படுவது மட்டுமே நிகழும்.

இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆம்பிளிஃபையரின் ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 75 வாட்டுக்கும் 4 ஓமுக்கும் அது 17.3 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் பங்கு சத்தத்தில் வைத்து, ஒரே சீரான சோதனை ஒலியை ஒலிக்கவிட்டு, மீட்டர் இந்த அளவைக் காட்டும் வரை கெயினைத் திருகி நிறுத்த வேண்டும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலும், சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் செல்லுமாறு கிராஸ்ஓவரை அமைப்பது நல்ல தொடக்கம்.

காதுக்கு ஃபியூஸ் இல்லை

20 வாட்டிலேயே ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டர் தொலைவில் 101 டெசிபல் தரவல்லது என்பதை முன்னர் கண்டோம். அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் அது 15 நிமிடம் மட்டுமே. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ஆம் ஆண்டில் தனிநபர் இசைக் கருவிகளுக்காக வெளியிட்ட நெறி, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்ற எல்லையைக் குறிப்பிடுகிறது. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஸ்பீக்கரை மாற்றுவது போல் செவியை மாற்ற இயலாது.

வெளியே இருப்போரின் உரிமையும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் ஒலியின் வரம்பு பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். ஆம்புலன்ஸின் ஒலியும் பின்னால் வரும் வாகனத்தின் ஹாரனும் ஓட்டுநருக்குக் கேட்க வேண்டும் என்பது விதிகளுக்கும் முந்தைய பொது அறிவு.

எந்த வரிசையில் செலவிடுவது?

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், செலவின் வரிசை தெளிவாகிறது. முதலில் உணர்திறன் மிக்க முன்கதவு ஸ்பீக்கர்களும் கதவுக்கான விரிப்பும். அதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கும். அடுத்து, தரமான செம்புக் கம்பி, பேட்டரி அருகே ஃபியூஸ் ஆகியவற்றுடன் நான்கு சேனல் ஆம்பிளிஃபையர். மூன்றாவதாக, இடத்துக்கு ஏற்ற சப்வூஃபர். இவை அனைத்துக்கும் பின்னரே ஒலியை நுணுக்கமாகச் சீரமைக்கும் டிஜிட்டல் கருவிகள்.

கடைக்குச் செல்வோர் விற்பனையாளரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். ஆம்பிளிஃபையரின் ஆர்எம்எஸ் திறன் எவ்வளவு. எத்தனை ஓம் வரை தாங்கும். ஸ்பீக்கரின் உணர்திறன் என்ன, அது எந்த முறையில் அளக்கப்பட்டது. கம்பி முழுச் செம்பா. ஃபியூஸை எங்கே பொருத்துவீர்கள்? இவற்றுக்குத் தெளிவாக விடை தரும் கடையில் குறைந்த வாட் எண் கொண்ட பெட்டியை வாங்கினாலும் நட்டமில்லை. விடை தராமல் பெட்டியின் மீதுள்ள எண்ணை மட்டும் சுட்டிக்காட்டும் கடையில் எதை வாங்கினாலும், அந்த எண்ணுக்கு மட்டுமே பணம் கொடுத்ததாக முடியும்.